கல்விப் பொருளுதவிக்கு உரியார் யார்? தகுதி வரையறையின் வரலாறு

யார்க்கு நூல் உரைத்தல் தகும், யார்க்கு உரைத்தல் தகாது என்னும் வினா தமிழில் பழமையானது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்ட நன்னூல் யாத்த பவணந்தி முனிவர், பொதுப்பாயிரத்தில் அறுவகையோரைத் தக்காராக எண்ணுகின்றார். ஆசிரியனுடைய மகன், அவ்வாசிரியனின் ஆசானுக்கு மகன், அரசனுடைய மகன், மிகுபொருள் தருவோன், வழிபட்டு ஒழுகுவோன், உரைத்ததைக் கொள்ளும் ஆற்றலுடையோன் என்போர் அவர். வறியவன் இவ்வரிசையில் தனித்து வைக்கப்படவில்லை. வழிபாட்டினாலோ கூர்த்த அறிவினாலோ அவன் உட்புகலாமேயன்றி, வறுமையைக் காட்டிப் புகுதல் இயலாது. நூல் உரைக்கலாகாதார் வரிசையில் 'ஏழை' என்னும் சொல் வருதலைக் கண்டு, வறியவனைப் பவணந்தியார் விலக்கினார் எனச் சிலர் கொள்வர். அது பொருந்தாது. பழைய வழக்கில் அச்சொல் அறிவிலானையே குறிக்கும். திருக்குறள் 873ஆம் பாவிலும் அதுவே பொருள். வறியவனைக் குறிக்கும் இன்றைய வழக்கு பின்னர் வேரூன்றியது. எனவே, நன்னூலார் வறியவனை விலக்கவுமில்லை, விதந்து ஏற்கவுமில்லை. அவனை ஒரு வகையாக எண்ணவே இல்லை என்பதே நாம் கொள்ளத்தக்கது.

அரசு கல்விக்குப் பொருளுதவி செய்யுங்கால், அதனைப் பெறுதற்கு உரியாரை எவ்வாறு வரையறுத்தது, அவ்வரையறைக்கு யாருடைய சொல்லைச் சான்றாகக் கொண்டது என்னும் இரண்டனையும் ஈண்டு ஆராய்கின்றோம். முன்னது பலராலும் பேசப்பட்டது. பின்னதைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. எனினும், மாணாக்கன் ஒருவன் உதவி பெறுவதும் பெறாதொழிவதும் பெரும்பாலும் பின்னதனாலேயே முடிகின்றன என்பது நம் கருத்து.

அரசாணைவழி மாணாக்கர்க்கு உணவும் பொருளும் அளந்த செய்தியைத் தமிழகத்தில் தெளிவுறக் காட்டுவது, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் உள்ள முதலாம் இராசேந்திரன் (1012–1044) காலக் கல்வெட்டாகும். அதன்படி இளமாணாக்கர் 270 பேர். அவருள் இருக்கு வேதம் ஓதுவார் 75, யசுர் வேதம் ஓதுவார் 75, இலக்கணநூலாகிய ரூபாவதாரம் பயில்வார் 40, எஞ்சியோர் பிற வேதசாகைகளையும் சூத்திரங்களையும் பயில்வார். மேல்நிலை மாணாக்கர் 70 பேர். வியாகரணம் 25, பிரபாகரம் 35, வேதாந்தம் 10. இளமாணாக்கர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலையார்க்கு ஒரு குறுணி இரு நாழி, அஃதாவது பத்து நாழி. கூட்டிப் பார்ப்பின், மாணாக்கர்க்கு மட்டும் நாளொன்றுக்கு 2,320 நாழி, கல அளவையில் இருபத்து நான்கு கலம் இரு குறுணி நெல் அளக்கப்பட்டது. இச்செலவிற்கென நிலம் விடப்பட்டது.

இக்கல்வெட்டில் நாம் நோக்க வேண்டுவது இல்லாத ஒன்றையே. மாணாக்கனுடைய தந்தைக்கு நிலம் உண்டா, இல்லையா என அது வினவவில்லை. நெல் அளக்கப்பட்டது மாணாக்கனது வறுமைக்கன்று. அவன் பயிலும் நூலுக்கு. இருக்கு வேதத்திற்கு 75 இடம், அதர்வ வேதத்திற்கு 10 இடம் என நூல்வழியே தொகை வகுக்கப்பட்டது. அவ்விடங்கட்குப் பிறப்பால் உரியார் யாவர் என்பது சொல்லாமலே விளங்கிற்று. ஆதலின் கல்வெட்டு அதனைச் சொல்லவில்லை. சான்றிதழ் தேவைப்படாத தகுதி அது. ஊரார் அறிந்த பிறப்பே சான்று. வீரராசேந்திரன் காலத் திருமுக்கூடல் கல்வெட்டும், பதினைந்து படுக்கைகளைக் கொண்ட ஆதுலர் சாலையொடு மாணாக்கர்க்கு உணவளித்தலைக் கூறுமிடத்து, இம்முறையையே தழுவுகின்றது. சோழர் கல்விக்கொடையை இக்காலக் கல்வியுதவியின் முன்னோடி எனப் புகழ்ந்துரைப்பார் உளர். அளவிலும் ஒழுங்கிலும் அது வியக்கத்தக்கதே. ஆயினும் அதன் அளவுகோல் முற்றிலும் வேறு என்பதை மறத்தல் ஆகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1854ஆம் ஆண்டு உட்டு என்பாரின் கல்வி அறிக்கைக்குப் பின், அரசுப்பணம் நிறுவனங்கட்கு மானியமாகச் சென்றது. மாணாக்கனை நேரே நோக்கும் எண்ணம் மெல்ல மெல்லவே தோன்றிற்று. 1885ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசின் மானிய விதித்தொகுப்பு, தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணாக்கர்க்குத் தனிச்சலுகை வகுத்தது. நூலைக் குறித்து நின்ற உதவி, வகுப்பைக் குறிக்கத் தொடங்கியது இவ்விடத்திலாம். முன்பு பிறப்பு ஒருவனை உள்ளே விடுதற்கு அளவாயிருந்தது. அப்பிறப்பே வெளியே நிறுத்தப்பட்டவனை அழைத்தற்கும் அளவாயிற்று. அளவுகோல் ஒன்றாயினும் அதனைப் பிடித்த கை மாறியது.

தனியொருவர் வாழ்வில் இவ்வுதவி எத்துணை ஆற்றலுடையது என்பதற்கு அம்பேத்கரின் வரலாறு சான்று. 1913இல் பரோடா மன்னர் சாயாசிராவ் வழங்கிய திங்களொன்றுக்கு 11½ பவுன் உதவித்தொகையினால் அவர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் புகுந்தார். மூன்றாண்டிற்கு வழங்கிய அவ்வுதவிக்கு ஈடாகப் பரோடா அரசில் பத்தாண்டு பணியாற்றுவதாக உடன்பாடு எழுதப்பட்டது. 1917இல் பணியேற்கச் சென்றவர்க்குப் பரோடா நகரில் தங்க ஓரிடம் கிடைக்கவில்லை, பார்சி விடுதியினின்றும் வெளியேற்றப்பட்டார், பணியும் நிலைக்கவில்லை. அரசின் உதவி ஒருவனைக் கடல்கடந்து கற்பிக்கவல்லது. கற்று மீண்டவனுக்கு ஊரில் ஓர் அறை பெற்றுத்தர இயலவில்லை. உதவிக்குரிய தகுதியைச் செல்வநிலை ஒன்றனாலேயே அளத்தல் போதும் என்பார்க்கு அம்பேத்கர் பிற்காலத்தில் உடன்படாமைக்கு இப்பட்டறிவும் ஒரு காரணமாதல் கூடும் என ஊகிக்கின்றோம்.

1942 அக்டோபரில், வைசிராய் அவையில் தொழிலாளர்துறை உறுப்பினராயிருந்த அவர், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து ஒரு விண்ணப்பம் அளித்தார். அதன் பயனாக ஆண்டுக்கு மூன்று இலக்கம் ரூபாய் ஒதுக்கப்பட்டு, 1944ஆம் ஆண்டு மெட்ரிக் படிப்பிற்குப் பிந்தைய கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் தோன்றியது. 1948இல் பழங்குடியினர்க்கும், பின்னர்ப் பிற பிற்பட்ட வகுப்பினர்க்கும் அது விரிந்தது. இன்றுவரை உருமாறியும் உயிரோடிருக்கும் இத்திட்டமே, கல்லூரி மாணாக்கர்க்கு இந்திய அரசு நேரே செய்யும் பொருளுதவியின் முதன்மையான வாய்க்கால் எனலாம்.

திட்டம் தோன்றியவுடன், உரியார் பட்டியலை அமைப்பது அரசியற் சிக்கலாயிற்று. 1950ஆம் ஆண்டு ஆகசுட்டு 10ஆம் நாள் வெளிவந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தினின்றும் வேறான சமயம் சார்ந்தாரைப் பட்டியல் சாதியினராகக் கொள்ளலாகாது என்றது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. ஒரே சேரியில், ஒரே கூரையின்கீழ், உடன்பிறந்த இருவருள் ஒருவன் சமயம் மாறின் நடுவணரசின் உதவி அவனுக்கு இல்லை. கிறித்தவரான ஆதிதிராவிடர்க்குத் தமிழக அரசு தன் பொருளினின்று உதவித்தொகை வழங்கி வருதல், இவ்வாணையால் விளைந்த இடைவெளியை ஒருவாறு அடைத்ததாகும். இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோராகவும், உதவித்தொகையில் ஆதிதிராவிடரோடு ஒருங்கும் வைக்கப்பட்ட இவர்தம் நிலை, வரையறை என்பது உண்மையைக் கண்டு எழுதுவது அன்று, எழுதி உண்டாக்குவதும் ஆம் என்பதைக் காட்டுகின்றது.

1951 ஏப்பிரல் 9ஆம் நாள் செண்பகம் துரைராசன் வழக்கில், சென்னை அரசின் வகுப்புவாரி ஆணையை உச்சநீதிமன்றம் செல்லாதாக்கியதும், அவ்வாண்டு சூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தால் 15ஆம் உறுப்பில் நான்காம் உட்பிரிவு சேர்ந்ததும் யாவரும் அறிந்தன. அவை கல்லூரி இடம்பற்றியன. பொருளுதவி பற்றியன அல்ல. ஆயினும் அத்திருத்தத்தில் இடம்பெற்ற 'சமூகநிலையிலும் கல்விநிலையிலும் பிற்பட்ட' என்னும் தொடரே பின்வந்த எல்லா வரையறைக்கும் அடிப்படையாயிற்று. அத்தொடரில் பொருள்நிலை இல்லை என்பதை நினைவில் இருத்துதல் வேண்டும்.

அத்தொடரால் குறிக்கப்படுவார் யாவர் எனக் காண 1953இல் காகா காலேல்கர் தலைமையில் அமைந்த ஆணையம், 1955 மார்ச்சில் 2,399 வகுப்புகளைப் பட்டியலிட்டது. அறிக்கையைக் குடியரசுத் தலைவர்க்கு விடுத்த முகப்பு மடலிலேயே, சாதியை அளவாகக் கொண்டது பொருந்தாது எனத் தலைவரே ஐயுற்று எழுதினார். தான் கட்டிய வீட்டின் வாயிலில் நின்று இது குடியிருக்கத் தகாது என்பான் போன்ற செயல் அது. நடுவணரசு அறிக்கையை ஏலாது, 1961 ஆகசுட்டில் மாநிலங்கட்கு எழுதிய மடலில், அளவுகோலை அவ்வவ் மாநிலமே தேரலாம் என்றும், சாதியினும் பொருள்நிலையை அளவாகக் கொள்ளுதல் நன்று என்றும் குறித்தது. அவ்வாண்டு தொடங்கிய தேசிய உதவித்தொகைத் திட்டம் வகுப்பை நோக்காது மதிப்பெண்ணையும் பெற்றோர் வருவாயையும் இணைத்து நோக்கிற்று. 1963இல் வந்த கடன் உதவித்தொகையும் அன்னதே.

பொருள்நிலையை அளத்தல் எவ்வாறு? இதற்கு மைசூர் அரசு கண்ட வழி நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. 1962இல் பாலாசி வழக்கில் சாதியையே முதன்மையாகக் கொண்ட ஒதுக்கீடு செல்லாதென நீதிமன்றம் தீர்த்தபின், அவ்வரசு 1963இல் சாதியை அறவே விடுத்து இரண்டு கூறுகளை வகுத்தது. ஒன்று, குடும்ப ஆண்டு வருவாய் 1,200 ரூபாய்க்கு மிகாமை. மற்றொன்று தொழில்: நேரே உழுபவர், கைவினைஞர், சிறுவணிகர், கடைநிலை ஊழியர், உடலுழைப்பாளர் என்பார் ஐவர். இவ்விரண்டும் ஒருங்கு அமைந்தார் பிற்பட்டோர் எனப்பட்டனர். 1964இல் சித்திரலேகா வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை ஏற்றது. சாதி கருதத்தக்க ஒரு கூறேயாயினும் இன்றியமையாக் கூறு அன்று எனவும் உரைத்தது. இதுவும் இடம்பற்றிய வழக்கே; ஆயினும் பொருளுதவிக்கு வேண்டும் அளவுகோலின் தூய வடிவை இதிற் காண்கின்றோம்.

1,200 என்பது திங்களுக்கு நூறு ரூபாய். அந்நூறு ரூபாயை அறிந்தவர் யார்? அரசு எழுத்தர்க்குச் சம்பளப் பட்டி உண்டு. அவர் பெறும் ஒவ்வொரு காசும் எழுதப்பட்டது. திங்களுக்கு நூற்றைந்து பெறும் எழுத்தர் மகன் எல்லைக்கு வெளியே நிற்பான். உழுபவர்க்கு அத்தகைய பட்டி ஏது? வேளாண் வருவாய் 1922ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்திலும், 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நடுவணரசின் வரிக்கு உட்படாதது. ஆதலின் அதற்கு வரிக்கணக்கும் இல்லை. ஊர்க் கணக்கில் நிலத்தின் பரப்பும், பயிரும், தீர்வையும் உண்டு. விளைவின் விலையும், அதிற் குத்தகையாகவும் வட்டியாகவும் போயதும் இல்லை. நிலமிலியாகிய கூலியாளுக்கோ ஊர்க் கணக்கில் பெயரே இல்லை. எனவே வருவாய்ச் சான்றிதழ் என்பது கணக்கன்று, மதிப்பீடு. கர்ணம் வாய்மொழியாகச் சொல்ல, வருவாய் ஆய்வாளர் எழுத, வட்டாட்சியர் கையொப்பமிட்ட மதிப்பீடு.

இதன் விளைவு ஊரறிந்தது. பரம்பரையாக வந்த கர்ணத்தின் சொல்லே மாணாக்கனுடைய வறுமைக்குச் சான்றாயின், கர்ணத்தோடு பகைத்தவன் மகன் வறியவன் ஆதல் அரிது. ஊர்ப்பெருநிலக்கிழார் மகன் வறியவனாதல் அத்துணை அரிதன்று. 1980 நவம்பரில் பரம்பரை ஊர் அலுவலர் பதவிகள் தமிழகத்தில் ஒழிக்கப்பட்டு, தேர்வுவழி அமர்த்தப்பெறும் கிராம நிர்வாக அலுவலர் வந்தனர். இச்சீர்திருத்தத்தை நிலவருவாய்த்துறை வரலாற்றில் மட்டும் வைத்துப் பேசுதல் வழக்கம். கல்வி வரலாற்றிலும் அதற்கு ஓரிடம் உண்டு என வற்புறுத்துகின்றோம். மாணாக்கனுக்குச் சான்றுரைப்பான் பிறப்பால் அமைந்தவனாயிருந்த நிலை அன்றொழிந்தது.

பிறப்புச் சான்றிதழுக்கும் இச்சிக்கல் உண்டு, வேறு வடிவில். பழங்குடியினர் சான்றிதழ் வழங்கும் உரிமை தமிழகத்தில் 1989 நவம்பரில் வட்டாட்சியரினின்றும் கோட்டாட்சியர்க்கு மாற்றப்பட்டது. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில், சான்றிதழ்களை ஆராயக் குழுக்கள் அமைத்தல் வேண்டும் என உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. பொய்ச்சான்றிதழ் பெருகியமையே காரணம். ஆயினும் பொய்யரைத் தடுக்க எழுப்பிய சுவர் மெய்யரையும் தடுக்கும். பட்டா இல்லாது, பள்ளிப்பதிவில் வகுப்பு எழுதப்படாத பெற்றோர்க்குப் பிறந்து, முதற்கண் கல்லூரி வாயில் மிதிக்கும் பழங்குடி மாணாக்கனுக்கே எழுத்துச் சான்று மிகக் குறைவு; அவனிடமே அது மிகுதியாகக் கேட்கப்படுகின்றது.

தமிழகத்தில் வருவாய் வரம்பு அரசியலாக வெடித்தது 1979இல். பிற்பட்டோர் ஆணையத் தலைவர் சட்டநாதன் 1970இல் அளித்த அறிக்கை, பிற்பட்ட வகுப்புகளுள்ளும் மேம்பட்டார் சலுகைகளைத் தாமே துய்ப்பதனைச் சுட்டியிருந்தது. ம. கோ. இராமச்சந்திரன் அரசு 1979 சூலையில், ஆண்டு வருவாய் 9,000 ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பத்தார்க்குப் பிற்பட்டோர் சலுகை இல்லை என ஆணையிட்டது. திராவிடர் கழகமும் தி.மு.க.வும் கடுமையாக எதிர்த்தன. 1980 சனவரி மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி 39 தொகுதிகளுள் இரண்டே வென்றது. உடனே ஆணை திரும்பப் பெறப்பட்டதோடு, பிற்பட்டோர் ஒதுக்கீடு 31 விழுக்காட்டினின்று 50 ஆக உயர்த்தப்பட்டது. கேரளத்திலோ 10,000 ரூபாய் வரம்பு 1976இல் செயசிறீ வழக்கில் உச்சநீதிமன்றத்தால் ஏற்கப்பட்டு நடைமுறையில் இருந்தது. அண்டை மாநிலத்தில் அமைதியாய் நின்ற அளவு ஈண்டு நில்லாமைக்குத் தேர்தலை மட்டும் காரணங்காட்டுதல் போதாது. சம்பளக்காரன் வருவாய் மட்டுமே மெய்யாகத் தெரியுமாதலின், வரம்பு வெட்டுவது பிற்பட்டோருள் முதன்முதல் அரசுப்பணி ஏறிய தலைமுறையையே என்னும் அச்சமும் அவ்வெதிர்ப்பில் இருந்தது என்பது நம் துணிபு.

1992 நவம்பரில் இந்திரா சாகனி வழக்கின் தீர்ப்பு, நடுவணரசுப் பணியில் பிற்பட்டோருள் மேம்பட்டாரை விலக்கச் சொல்லிற்று. 1993இல் அவ்வரம்பு ஒரு இலக்கம், 2004இல் 2.5, 2008இல் 4.5, 2013இல் 6, 2017இல் 8 இலக்கம். இதனொடு உதவித்தொகை வரம்பை ஒப்புநோக்குக. பட்டியல் சாதி மாணாக்கர்க்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைக்குக் குடும்ப வருவாய் வரம்பு 2013–14இல் 2,50,000 ரூபாய். 2021இல் புதுக்கிய நெறிமுறையிலும் அதே தொகை. விலைவாசி ஏறிய அவ்வாண்டுகளில் எண் நின்றது. நின்ற எண் உண்மையில் இறங்கிற்று. ஓர் ஆணையும் பிறப்பிக்காமல், ஒருவரையும் விலக்கியதாகச் சொல்லாமல், உரியார் தொகையைச் சுருக்கும் வழி இது. 2,50,000 வருவாயுடையான் மகனுக்கு முழு உதவி. அதனினும் சிறிது மிக்கான் மகனுக்கு ஒன்றுமில்லை. படிப்படியாய்க் குறையும் முறை நம் நாட்டில் ஏன் வேரூன்றவில்லை என்பதற்கு விடை முன்னரே கூறினோம்: மதிப்பீடாக எழுதப்படும் வருவாயைப் படிப்படியாய்ப் பகுத்தல் இயலாது, மேல், கீழ் என இரண்டாகவே பகுக்கலாம்.

2010ஆம் ஆண்டு தமிழக அரசு வேறொரு நெறி கண்டது. குடும்பத்தில் முதற்பட்டதாரியாவார்க்குத் தொழிற்கல்வியில், சாதியும் வருவாயும் நோக்காது, கல்விக்கட்டணச் சலுகை வழங்கியது. பிறப்பையும் பொருளையும் விடுத்துக் கல்வியின்மையையே கல்வியுதவிக்கு அளவாகக் கொண்ட இந்நெறி, அரசியலமைப்பின் 'கல்விநிலையிற் பிற்பட்ட' என்னும் தொடர்க்கு மிக அணித்தாய் நிற்பது. இதற்கும் வட்டத்து அலுவலரின் சான்றிதழே வேண்டும். குடும்பத்தில் பட்டதாரி இல்லை என்பதற்குச் சான்று! இன்மையை அறிதற்கு அபாவம் எனத் தனியோர் அளவை வேண்டும் எனத் தருக்கநூலாருள் ஒருசாரார் வாதிட்டனர். அவ்வாதத்தை நம் வட்டாட்சியர் அலுவலகங்கள் நாள்தோறும் நடத்துகின்றன.

சான்றுரைப்பாரையே மாற்றியது 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமாகும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989இல் ஏற்பட்ட திருமண உதவித் திட்டமே உயர்கல்வி உறுதித் திட்டமாக உருமாறி, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி புகும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குகின்றது. சாதிவரம்பும் வருவாய்வரம்பும் இதில் இல்லை. சான்று பள்ளிப்பதிவேடு, ஆண்டுதோறும் ஆசிரியர் எழுதியது, பின்னாளில் பயன் கருதி எழுதப்படாதது. அரசுப் பள்ளியில் ஏழாண்டு இருந்தமையே குடும்பநிலைக்குப் போதிய அறிகுறி என அரசு கொண்டது. இவ்வறிகுறி முற்றும் பிழையற்றது எனல் ஆகாது. ஆயினும் கர்ணத்தின் வாய்மொழியினும் இது நம்பத்தக்கது.

2024 ஆகசுட்டு 9இல் மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் கோவையில் தொடங்கிற்று. அதில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றாரும் அடங்குவர். அவ்வாண்டு இறுதியில் மாணவியர் திட்டமும் அவ்வாறே விரிந்தது. எண்ணாயிரத்துக் கல்வெட்டில் பயிலும் நூல் அளவாயிருந்தது போல, இவ்விரிவில் பயின்ற மொழி அளவாயிற்று. கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ்த் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பயின்று, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் பயின்ற பெண்ணும் ஏற்கப்பட்டாள். ஆறாம் வகுப்பு ஒன்றனை மட்டும், தந்தை கடன்பட்டுக் கட்டணம் செலுத்தியதனால், தனியார் பள்ளியிற் பயின்று, கடன் மிக்கு ஏழாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்த பெண்ணுக்கு அவ்விதியில் இடமில்லை. அவளுடைய பெயர் ஆறாண்டுப் பதிவேட்டில் உள்ளது.